ஹோம் லோன் பேப்பர்ஸை முகம் தெரியாத வெப்சைட்டுக்கு ஏன் அனுப்பணும்? பிடிஎஃப் வேலை எல்லாம் உங்க கம்ப்யூட்டர்லயே முடியும்



ராத்திரி 10 மணி. ஹோம் லோனுக்கு அப்ளை பண்ணின இடத்துல இருந்து வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் வருது. "சார், 6 மாச பேங்க் ஸ்டேட்மென்ட், 3 மாச சேலரி ஸ்லிப், 2 வருஷ ஃபார்ம் 16, ஐடிஆர், ஆதார், பான் எல்லாத்தையும் ஒரே பிடிஎஃப்பா அனுப்புங்க. பாஸ்வேர்ட் இருக்கக் கூடாது. காலைல ஃபைல் லாகின் பண்ணணும்."

இந்த நேரத்துல நம்மில் பெரும்பாலானவங்க என்ன பண்ணுவோம்? கூகுள்ல போய் பிடிஎஃப் மெர்ஜ்னு தேடி, முதல்ல வர்ற வெப்சைட்டைத் திறந்து, 14 ஃபைலையும் இழுத்துப் போடுவோம். ரெண்டு நிமிஷத்துல வேலை முடிஞ்சிடும். காசும் கிடையாது.

ஆனா அந்த 14 ஃபைல்ல என்னென்ன இருக்குன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. உங்க பேரு, பிறந்த தேதி, அட்ரஸ், ஆதார் நம்பர், பான் நம்பர், கையெழுத்து, பேங்க் அக்கவுண்ட் நம்பர், எந்த கம்பெனியில எவ்வளவு சம்பளம், மாசா மாசம் யாருக்குப் பணம் அனுப்புறீங்க, எல்லாமே. உங்க பேர்ல ஒருத்தர் கடன் வாங்க நினைச்சா, பேங்க் கேட்கிற முழு செட்டையும் நாமளே வரிசையா அடுக்கிக் கொடுத்த மாதிரி ஆயிடும்.

எல்லா வெப்சைட்டும் திருட்டு வெப்சைட்னு நான் சொல்லலை. பல சைட்டுகள்ல "சில மணி நேரத்துல உங்க ஃபைலை அழிச்சிடுவோம்"னு எழுதியிருக்கும். அழிச்சாங்களா இல்லையான்னு பார்க்க நமக்கு வழி கிடையாது, அவ்வளவுதான். 2025 மார்ச்ல அமெரிக்காவோட எஃப்பிஐ டென்வர் அலுவலகம் இதுக்குன்னே ஒரு எச்சரிக்கை கொடுத்தாங்க. ஃபைல் மாத்தித் தர்றோம், பிடிஎஃப் சேர்த்துத் தர்றோம்னு இலவசமா வர்ற சில சைட்டுகள், சொன்ன வேலையைச் செஞ்சு கொடுத்துக்கிட்டே வைரஸையும் சேர்த்து அனுப்புது, அப்லோட் பண்ற ஃபைல்ல இருந்து தகவலையும் சுரண்டுதுன்னு. சொன்ன வேலையைச் சரியா செஞ்சு கொடுக்கிறதாலதான் நமக்குச் சந்தேகமே வர்றதில்லை.

ஒரு விஷயம் முதல்லயே சொல்லிடறேன். உங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு ஃபைல், அதுல பாஸ்வேர்டை மட்டும் எடுக்கணும்னா இந்தக் கட்டுரையே தேவையில்லை. குரோம்ல ஃபைலைத் திறந்து, பாஸ்வேர்ட் போட்டு, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் இடத்துல சேவ் ஆஸ் பிடிஎஃப் தேர்ந்தெடுங்க. பூட்டு இல்லாத காப்பி கிடைச்சிடும். சில பக்கம் மட்டும் போதும்னா அதே இடத்துல பக்க நம்பரைக் கொடுக்கலாம். 14 ஃபைல், 20 ஃபைல்னு வரும்போதுதான் கை வலிக்கும். அப்பத்தான் பவர்ஷெல்.

பவர்ஷெல்னா பயப்பட வேண்டாம்

விண்டோஸ் 10, 11 ரெண்டுலயும் பவர்ஷெல் ஏற்கனவே இருக்கு. ஸ்டார்ட் மெனுவுல பேரை டைப் பண்ணாலே வந்துடும். நீல நிறத்துலயோ கருப்பு நிறத்துலயோ ஒரு ஜன்னல் திறக்கும். அதுல நாம ஒரு வரி எழுதினா கம்ப்யூட்டர் ஒரு வேலை செய்யும். இதுக்குத் தனியா மாட்யூல்னு சின்னச் சின்னக் கருவிப் பெட்டிகளைச் சேர்த்துக்கலாம். பிடிஎஃப் வேலைக்கு இருக்கிற ஒரு மாட்யூல் பேரு பிஎஸ்ரைட்பிடிஎஃப். இலவசம். உள்ளுக்குள்ள ஐடெக்ஸ்ட்ங்கற பிடிஎஃப் லைப்ரரியை வச்சு வேலை செய்யுது.

கமாண்டுகளை இங்கே உச்சரிக்கிற மாதிரி தமிழ்ல எழுதியிருக்கேன், எந்த வார்த்தை என்ன செய்யுதுன்னு புரியறதுக்காக. டைப் பண்ண வேண்டிய வரிகள் அப்படியே வீடியோவுக்குக் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு, காப்பி பண்ணிக்கோங்க.

இன்ஸ்டால் பண்ற வரி இதுதான்: இன்ஸ்டால்-மாட்யூல் பிஎஸ்ரைட்பிடிஎஃப் -ஸ்கோப் கரண்ட்யூசர். கடைசியில இருக்கிற அந்த ஸ்கோப் கரண்ட்யூசரை விட்டுடாதீங்க. அது இருந்தா உங்க லாகினுக்கு மட்டும் இன்ஸ்டால் ஆகும், அட்மின் பாஸ்வேர்ட் கேட்காது. ஆபீஸ் லேப்டாப்ல அட்மின் உரிமை இல்லாதவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். (ஆபீஸ் லேப்டாப்ல ஐடி டீம் அனுமதிக்குமான்னு கேட்டுட்டுச் செய்யுங்க. சொந்த லோன் பேப்பரை ஆபீஸ் மெஷின்ல வைக்கறதே எனக்கு அவ்வளவா பிடிக்காது.)

என்டர் தட்டினதும் முதல் தடவைன்னா நியூகெட் வேணும்னு ஒரு கேள்வி வரும், ஒய் கொடுங்க. அடுத்ததா, இந்த ரெப்பாசிட்டரியை நம்பலாமான்னு கேட்கும். பார்த்ததும் பயந்து போய் ஜன்னலை மூடிடுவாங்க பலர். அது பவர்ஷெல் கேலரிங்கற, மைக்ரோசாஃப்ட் நடத்துற சேமிப்புக் கிடங்கு. புது கம்ப்யூட்டர்ல அதைக் கூட "நம்பகமானது"ன்னு முன்கூட்டியே குறிச்சு வைக்க மாட்டாங்க, அதான் கேட்குது. ஆனா இன்னொன்னும் சொல்லணும். கேலரியில யார் வேணும்னாலும் மாட்யூல் போடலாம். அதனால பேரை எழுத்து எழுத்தா சரிபார்த்துட்டு ஒய் கொடுங்க. கொஞ்சம் மாத்தி எழுதின பேர்ல வேற எதுவும் இறங்கிடக் கூடாது.

இன்ஸ்டால் ஆனதும் பலருக்கு வர்ற சிவப்பு எழுத்து எரர் ஒண்ணு இருக்கு. "இந்த சிஸ்டத்துல ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை"ங்கற மாதிரி வரும். விண்டோஸ்ல ஸ்கிரிப்ட் ஓட்டறது ஆரம்பத்துல பூட்டித்தான் இருக்கும். செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்ட் -ஸ்கோப் கரண்ட்யூசர்னு கொடுத்தா சரியாயிடும். சில பேர் அன்ரெஸ்ட்ரிக்டட்னு வைக்கச் சொல்லுவாங்க. வேண்டாம். நெட்ல இருந்து இறங்கற ஸ்கிரிப்ட்ல கையெழுத்து இருக்கணும்னு ரிமோட்சைன்ட் கேட்கும், அந்தக் காவல் நமக்கு வேணும்.

முதல்ல பூட்டைத் திறக்கணும்

பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் பாஸ்வேர்டோடதான் வரும். அதை நேரா சேர்க்கப் போனா எரர்தான் வரும். இதுக்கு கியூபிடிஎஃப்னு இன்னொரு சின்ன டூலை நான் பயன்படுத்தறேன். அதுவும் இலவசம், அதுவும் உங்க கம்ப்யூட்டர்லயேதான் ஓடும். விண்டோஸ்ல விங்கெட் இன்ஸ்டால் கியூபிடிஎஃப்.கியூபிடிஎஃப், உபுண்டுல ஆப்ட் இன்ஸ்டால், மேக்ல ப்ரூ இன்ஸ்டால். இன்ஸ்டால் ஆகியும் கமாண்டைத் தெரியலைன்னு சொன்னா ஜன்னலை மூடிட்டு மறுபடி திறந்து பாருங்க.

கியூபிடிஎஃப்க்கு நாலு விஷயம் சொல்லணும்: பாஸ்வேர்ட் என்ன, டீக்ரிப்ட் பண்ணு, எந்த ஃபைல், புது ஃபைலுக்கு என்ன பேரு. பாஸ்வேர்ட் தெரிஞ்சாத்தான் திறக்கும். தெரியாத பூட்டை உடைக்கிற டூல் இல்லை இது.

அந்த பாஸ்வேர்டே மறந்துபோச்சுன்னு நிறைய பேர் கேட்கறீங்க. இ-ஆதாருக்கு, உங்க பேரோட முதல் 4 எழுத்து கேப்பிட்டல்ல, அதோட பிறந்த வருஷம். வருமான வரி சைட்ல எடுக்கிற ஐடிஆர் அக்னாலெட்ஜ்மென்ட், ஏஐஎஸ் ரெண்டுக்கும், பான் நம்பர் சின்ன எழுத்துல, அதோட பிறந்த தேதி 8 இலக்கமா. பேங்க் ஸ்டேட்மென்ட் ஒவ்வொரு பேங்குக்கும் ஒரு விதம், அவங்க அனுப்பற மெயில்லயே எழுதியிருக்கும்.

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தி யோசிங்க. பேரோட 4 எழுத்தும் பிறந்த வருஷமும் உங்க ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்தாலே தெரியும். அதனால "ஃபைல்ல பாஸ்வேர்ட் இருக்கே, எங்க அப்லோட் பண்ணா என்ன"ன்னு நினைக்காதீங்க. ஆதார் கொடுக்கணும்னா முடிஞ்ச வரைக்கும் மாஸ்க்டு ஆதார் எடுத்துக் கொடுங்க. ஆதார் சைட்லயே டவுன்லோட் பண்ணும்போது அந்த ஆப்ஷன் இருக்கு. கடைசி 4 இலக்கம் மட்டும்தான் தெரியும்.

பாஸ்வேர்ட்ல டாலர் குறி, அட் குறி மாதிரி இருந்தா பவர்ஷெல் குழம்பிடும். பாஸ்வேர்ட் பகுதி முழுசையும் ஒற்றை மேற்கோள் குறிக்குள்ள போடுங்க. ஆறு மாச ஸ்டேட்மென்ட்டுக்கும் ஒரே பாஸ்வேர்ட்தான்னா ஃபார்ஈச்-ஆப்ஜெக்ட் போட்டு ஃபோல்டர்ல இருக்கற எல்லா ஃபைலையும் ஒரே வரியில திறந்துடலாம். திறந்த காப்பிகள் தனி ஃபோல்டருக்குப் போகட்டும், ஒரிஜினல் மேல கை வைக்காதீங்க. இன்னொன்னு, நீங்க டைப் பண்ற வரிகளை பவர்ஷெல் ஒரு ஹிஸ்டரி ஃபைல்ல சேமிச்சு வைக்கும். பாஸ்வேர்டும் அதுல போய் உட்கார வாய்ப்பிருக்கு. ப்ரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல இந்த வேலையைச் செய்யவே செய்யாதீங்க. அங்க டெஸ்க்டாப்பைப் பார்த்திருப்பீங்களே, ஊர்ல பாதிப் பேரோட ஆதார் கிடக்கும்.

சேர்க்கறது ஒரு வரி, வரிசைதான் தலைவலி

மெர்ஜ்-பிடிஎஃப். அதுக்கு இன்புட்ஃபைல்னு சேர்க்க வேண்டிய ஃபைல்கள், அவுட்புட்ஃபைல்னு கடைசியில வர வேண்டிய ஃபைல். ஃபைல் பேரை டிரைவ்ல இருந்து ஆரம்பிச்சு முழு பாதையா கொடுங்க, பாதிப் பிரச்சனை வராது. ஒவ்வொரு பேரா எழுத சோம்பலா இருந்தா கெட்-சைல்டுஐடெம் போட்டு ஃபோல்டர்ல இருக்கற பிடிஎஃப் எல்லாத்தையும் எடுத்து, சார்ட்-ஆப்ஜெக்ட்ல பேர் வாரியா அடுக்கி, அப்படியே மெர்ஜுக்குக் கொடுத்துடலாம்.

இங்கதான் எல்லாரும் மாட்டறது. ஏப்ரல், மே, ஜூன்னு ஃபைலுக்குப் பேர் வச்சிருப்பீங்க. கம்ப்யூட்டருக்கு மாசம் தெரியாது, ஆங்கில அகர வரிசைதான் தெரியும். ஏப்ரலுக்கு அடுத்து ஆகஸ்ட், அதுக்கு அடுத்து டிசம்பர், அப்புறம் பிப்ரவரின்னு அடுக்கும். வெறும் நம்பர் போட்டாலும் 1, 10, 11, 12, 2ன்னுதான் வரும். அதனால ஃபைல் பேருக்கு முன்னாடி 01, 02, 03ன்னு ரெண்டு இலக்கம் போடுங்க. நான் வைக்கிற வரிசை: 01 பான், 02 ஆதார், 03ல இருந்து சேலரி ஸ்லிப், அப்புறம் ஃபார்ம் 16, ஐடிஆர், கடைசியா ஸ்டேட்மென்ட். படிக்கிற ஆபீசருக்கு ஆள் யாருன்னு முதல்ல தெரியணும், அப்புறம் வருமானம்.

ரெண்டாவது பொறி. சேர்ந்து வர்ற ஃபைலை அதே ஃபோல்டர்ல சேமிச்சா, அடுத்த தடவை ஓட்டும்போது அந்தப் பெரிய ஃபைலும் உள்ள சேர்ந்துடும். எல்லாப் பக்கமும் ரெண்டு தடவை வரும். அவுட்புட்டுக்கு எப்பவும் வேற ஃபோல்டர். சேர்த்து முடிச்சதும் மொத்தப் பக்கத்தை எண்ணிப் பாருங்க, ஒவ்வொரு ஃபைல் பக்கத்தையும் கூட்டினா வர்ற எண்ணிக்கை வரணும்.

பிரிக்கறதுக்கு ஸ்ப்ளிட்-பிடிஎஃப். ஃபைலையும், ஒரு காலி ஃபோல்டரையும் கொடுத்தா ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி ஃபைலா போட்டுடும். ஃபோல்டரை முன்னாடியே உருவாக்கி வச்சிடுங்க. 40 பக்க ஸ்டேட்மென்ட்ல ரெண்டே பக்கம் போதும்னு சொல்ற இடத்துல முழுசையும் கொடுக்கத் தேவையில்லை இல்லையா?

சைஸ் பத்தியும் கேட்பீங்க. 2 எம்பிக்குள்ள வேணும், 5 எம்பிக்குள்ள வேணும்னு போர்ட்டல் அடம் பிடிக்கும். மெர்ஜ் பண்றதால சைஸ் குறையாது. ஃபோன்ல ஸ்கேன் பண்ணின பக்கம்தான் எடையைக் கூட்டுது. கோஸ்ட்ஸ்கிரிப்ட்னு ஒரு டூல் இருக்கு, அதுல இ-புக் செட்டிங் கொடுத்தா படங்களை 150 டிபிஐ அளவுக்குக் குறைச்சிடும், எழுத்து படிக்கிற மாதிரியே இருக்கும். ஸ்கிரீன் செட்டிங் 72 டிபிஐ, அதுல பான் கார்டு நம்பர் மங்கிடும், வேண்டாம்.

எதைச் சேர்க்கக் கூடாது

இதை யாரும் சொல்லித் தர்றதில்லை, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். இ-ஆதார், இ-பான், ஃபார்ம் 16ன் பகுதி ஏ மாதிரி ஆவணங்கள்ல டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அந்த ஃபைல்ல ஒரு எழுத்து மாறினாலும் கையெழுத்து செல்லாது. மெர்ஜ் பண்ணாலும், பாஸ்வேர்ட் எடுத்தாலும், பிரிண்ட் போட்டு சேவ் பண்ணாலும் அது போயிடும். பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், சரிபார்க்கும்போதுதான் தெரியும். அதனால ஒரிஜினலை அப்படியே வச்சிருங்க, கேட்டா அதைத் தனியா அனுப்புங்க.

பேங்க் ஸ்டேட்மென்ட்லயும் இதே கதை. ஒவ்வொரு பிடிஎஃப்க்குள்ளயும் இது எந்த சாஃப்ட்வேர்ல தயாரானதுன்னு ஒரு குறிப்பு இருக்கும். நாம மெர்ஜ் பண்ணினா அங்க ஐடெக்ஸ்ட் பேரு வந்துடும். கடன் கொடுக்கறவங்க திருத்தின ஸ்டேட்மென்ட்டைப் பிடிக்க இந்தக் குறிப்பையும் பார்ப்பாங்க. நீங்க ஒரு தப்பும் பண்ணாம வெறுமனே சேர்த்திருந்தாலும் கேள்வி வரலாம். அதனால ஸ்டேட்மென்ட் விஷயத்துல, "நெட் பேங்கிங்ல இறக்கின ஃபைலை அப்படியே தனியா அனுப்பறேன், பாஸ்வேர்டும் சொல்றேன், போதுமா?"ன்னு முதல்ல கேட்டுப் பாருங்க. அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழி இருந்தா இன்னும் நல்லது. 2021ல இருந்து நடைமுறையில இருக்கு. நீங்க ஃபோன்ல சம்மதம் கொடுத்தா உங்க பேங்க்ல இருந்து கடன் கொடுக்கற இடத்துக்கு நேரடியா தகவல் போயிடும், பிடிஎஃப்க்கே வேலை இல்லை.

ஸ்டேட்மென்ட்ல ஒரு எண்ட்ரியை மாத்த முடியுமா, சம்பளத்தைக் கூட்டிக் காட்ட முடியுமான்னு கேட்டு வர்ற கமெண்ட்டுக்கு நான் பதில் சொல்றதில்லை. அது ஃபோர்ஜரி, கிரிமினல் கேஸ்.

சொந்தக் கணக்குக்கும் ஒரு வேலை

லோன் கதை முடிஞ்சாலும் மாட்யூலை அழிச்சிடாதீங்க. கன்வெர்ட்-பிடிஎஃப்டுடெக்ஸ்ட்னு ஒரு கமாண்ட் இருக்கு. ஸ்டேட்மென்ட்ல இருக்கிற எழுத்தை எல்லாம் உருவி எடுத்துக் கொடுக்கும். எனக்கு இந்த மாட்யூல்ல ரொம்பப் பிடிச்சது இதுதான்.

12 மாச ஸ்டேட்மென்ட்டையும் இப்படி டெக்ஸ்ட் ஃபைலா அவுட்-ஃபைல் போட்டுச் சேமிங்க. அப்புறம் செலக்ட்-ஸ்ட்ரிங்ல ஒரு வார்த்தை கொடுத்துத் தேடுங்க. சார்ஜஸ், சுருக்கமா சிஎச்ஆர்ஜி, எஸ்எம்எஸ், ஏஎம்பி, ரிட்டர்ன், என்ஏசிஎச், மேண்டேட்னு ஒவ்வொண்ணா தேடிப் பாருங்க. பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காம தேடும். மினிமம் பேலன்ஸ் குறைஞ்சதுக்குப் பிடிச்சது, எஸ்எம்எஸ்க்குப் பிடிச்சது, இஎம்ஐ ஒரு நாள் திரும்பினதுக்குப் போட்ட ஃபைன், எப்பவோ ஃப்ரீ ட்ரையல்னு சேர்ந்து மறந்துபோன ஆப் சந்தா, எல்லாம் தேதியோட வரிசையா வந்து நிக்கும். மாசம் 17 ரூபாய், 59 ரூபாய்னு போறது ஸ்டேட்மென்ட்டைப் புரட்டும்போது கண்ணுல படாது. 12 மாசத்தை ஒரே திரையில பார்த்தா கோபம் வரும்.

பேங்குக்கு பேங்க் எழுதற விதம் மாறும், அதனால முதல்ல ஒரு மாச ஸ்டேட்மென்ட்டைக் கண்ணால பார்த்து அவங்க என்ன வார்த்தை போடறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க. ஸ்கேன் பண்ணின பேப்பர்னா இது வேலை செய்யாது. அது வெறும் படம், உள்ள எழுத்தே கிடையாது.

இதே கமாண்டுக்கு இன்னொரு உபயோகம். ஆதார் நம்பர் மேல கருப்புப் பட்டை வரைஞ்சு அனுப்பறோம்ல, பல ஆப்கள்ல அந்தப் பட்டை சும்மா மேல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரிதான். அடியில நம்பர் அப்படியே இருக்கும், யாராவது காப்பி பண்ணி எடுத்துடலாம். அனுப்பறதுக்கு முன்னாடி அந்த ஃபைலை டெக்ஸ்ட்டா மாத்திப் பாருங்க. நம்பர் வந்துச்சுன்னா நீங்க மறைக்கவே இல்லைன்னு அர்த்தம். ஸ்கேன் பண்ணின படம்னா இந்தச் சோதனை பலிக்காது, அதையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஏற்கனவே எங்கேயோ அப்லோட் பண்ணிட்டேனேன்னு கவலைப்படறவங்களுக்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க்னு நாலு கிரெடிட் நிறுவனங்களும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமா கொடுக்கணும்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. நாலையும் ஒரே நாள்ல எடுக்காம மூணு மாசத்துக்கு ஒண்ணுன்னு எடுத்தா வருஷம் முழுக்கக் கண்காணிச்ச மாதிரி. உங்களுக்குத் தெரியாத கடனோ, நீங்க கேட்காத லோன் என்கொயரியோ இருந்தா உடனே டிஸ்ப்யூட் போடுங்க.

கடைசியா அனுப்பற ஃபைலுக்கு உங்க சொந்தப் பூட்டு போடணும்னா கியூபிடிஎஃப்லயே என்க்ரிப்ட் கொடுத்து 256 பிட்ல பூட்டலாம். பிறந்த தேதியை பாஸ்வேர்டா வைக்காதீங்க. ஃபைலை மெயில்ல அனுப்பினா பாஸ்வேர்டை ஃபோன்ல சொல்லுங்க, ரெண்டையும் ஒரே மெயில்ல போட்டா பூட்டினதுக்கே அர்த்தம் இல்லை.

லோன் வேலை முடிஞ்சதும் பூட்டு திறந்த காப்பிகள், டெக்ஸ்ட் ஃபைல்கள் இருக்கற ஃபோல்டரைத் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட் டிலீட் கொடுங்க. டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பாருங்க, அங்க ஒரு காப்பி கண்டிப்பா கிடக்கும். எரர் ஏதாவது வந்தா சிவப்பு எழுத்தை அப்படியே கமெண்ட்ல போடுங்க. ஃபைல் பேர்ல உங்க பான் நம்பர் இருந்தா அதை மட்டும் அழிச்சிட்டுப் போடுங்க.